கன்றுக்குக் காசு உண்டு, காவலுக்கு?

பம்பாயில் அலையாத்தி மரங்களைப் பார்த்துக்கொள்கிற எங்கள் சங்கத்தின் முதல் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினால் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்தான் கண்ணில் படும். தோல் கிட்டங்கி வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் மட்டும் நூற்றொன்று எழுதியிருக்கிறார். மற்றவர்களெல்லாம் தாராவி தொண்ணூறடி ரோட்டு மளிகைக்கடைக்காரர்கள், விடியும் முன்னே அண்டாவில் இட்லி தூக்கிக்கொண்டு சயான், மாட்டுங்கா என்று தெருத்தெருவாகப் போனவர்கள், மாட்டுங்காவில் கோயிலடியில் பூக்கட்டி விற்ற அக்காமார்கள். 1990-களின் பின்பாதி அது. நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் வசூலுக்குப் போவோம்.

"எதுக்கு தாயி வசூலு?"

"காடியோரத்து மரத்து வேருல பிளாஸ்டிக் சுத்திக் கெடக்குல்லா அண்ணாச்சி, அத எடுக்கதுக்கு. கையுறை வாங்கணும், கம்பூட்ஸ் வாங்கணும். வேலை செய்யிற பிள்ளைகளுக்கு டீயும் வடாபாவும்."

காடி என்று இங்கே சொல்வது கடற்கழியை. விண்ணப்பம் அவ்வளவுதான். பதிலும் நின்ற இடத்திலேயே கிடைத்துவிடும். கொடுத்தவர் மறுமாதம் வழியில் பார்த்தால், "மரம் மூச்சு விடுதா தாயி?" என்று கேட்பார். அவருக்கு நாங்கள் தரவேண்டிய அறிக்கையும் அந்த ஒரு கேள்விக்குப் பதில்தான். நம்பாவிட்டால் இரண்டு தெரு தாண்டி நடந்துவந்து அவரே பார்த்துக்கொள்ளலாம். சிலர் வந்தும் பார்த்தார்கள்.

இன்றைக்கு ஒரு நிதி விண்ணப்பம் என்றால் கணினித் திரையில் பக்கம் பக்கமாக விரிகிறது. திட்டத்தின் இலக்கு என்ன, வெளியீடு என்ன, விளைவு என்ன, தாக்கம் என்ன. இந்த நான்கும் தனித்தனிக் கட்டங்கள். பயனாளிகள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர். ஒரு கன்றுக்கு ஆகும் செலவு. நிதி நின்றபின் திட்டம் எப்படித் தொடரும் என்பதற்கு இருநூறு சொற்களுக்குள் பதில். கூடவே சங்கப் பதிவுச் சான்று, பான் அட்டை, 12ஏபி, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், கம்பெனி நிதி வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்-1 எண், அரசின் தர்பண் எண், மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, நிர்வாகிகள் எல்லாருடைய அடையாள அட்டை. இவ்வளவையும் கேட்பதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. ஊரார் பணத்தைத் தொடுகிறவர்கள் கணக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். பொய்ப் பெயரில் சங்கம் வைத்துப் பணம் தின்றவர்களையும் இந்த நகரத்தில் பார்த்திருக்கிறேன். என் வருத்தம் வேறு. இத்தனை கட்டங்களில், இருக்கிற மரத்தைச் சாகாமல் பார்த்துக்கொள்வதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

எங்களுக்கு இந்த வேலையில் ஆசை வந்ததற்குக் காரணமே பார்த்துக்கொள்ளப்பட்ட ஒரு காடுதான். சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையில் தாராவிக்கும் மித்தி ஆற்றுக்கும் நடுவே இருக்கிறது மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. 37 ஏக்கர். நான் சிறுமியாக இருந்தபோது அந்த இடத்துக்கு டம்பிங் கிரவுண்டு என்றுதான் பெயர். நகரத்துக் குப்பையெல்லாம் அங்கேதான் வந்து கொட்டும். தெற்குக்காற்று மாறினால் சோறு இறங்காது. எங்கள் தெருப் பிள்ளைகள் இரும்பும் கண்ணாடியும் பொறுக்கப் போவார்கள்; காலில் கிழித்துக்கொண்டு வருவார்கள்.

1970-களின் கடைசியில் குப்பை கொட்டுவது நின்றது. அந்த மேட்டை இயற்கைப் பூங்காவாக்கலாம் என்ற யோசனையோடு உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளை முன்வந்தது. பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ. அதைக் கையிலெடுத்தது. 1983-இல் பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதல் கன்றை நட்டதாகப் பூங்காவில் சொல்வார்கள். பொதுமக்களுக்காக வாசல் திறந்தது 1994 ஏப்ரல் 22, புவி நாளன்று. நடுவில் போன அந்தப் பத்துப்பதினோரு வருடங்களைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். குப்பைமேல் மண் போட்டு, கன்று வைத்து, பட்டது போக மறுபடி வைத்து, தண்ணீர் ஊற்றி, ஆடு மாடு வராமல் வேலி காத்து நின்றார்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் கண்ணுக்கு மரங்கள் தெரிந்தன. எங்கள் கண்ணுக்கு அங்கே குடம் தூக்கியவர்களும் தெரிந்தார்கள். அவர்களில் சிலர் எங்கள் தெருக்காரர்கள். மாதச் சம்பளம் வந்தது, அதனால் மரம் வந்தது. இப்போது அங்கே நூற்றுக்குமேல் பறவையினங்கள். குப்பை பொறுக்கப் போன அதே மேட்டுக்கு இன்று எங்கள் பேரப்பிள்ளைகள் பட்டாம்பூச்சி எண்ணப் போகிறார்கள்.

பூங்காவின் ஆற்றோரத்திலும் அதைத் தாண்டி மாஹிம் காடி வரைக்கும் அலையாத்தி மரங்கள் உண்டு. பெரும்பாலும் வெண்கண்டல். அதன் வேரிலிருந்து சேற்றுக்கு மேலே விரல் விரலாக மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சேற்றுக்குள் காற்று கிடையாது. மரம் அந்த விரல்கள் வழியாகத்தான் சுவாசிக்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் பை போர்த்திக் கிடந்தால் மரம் மெல்ல மெல்லத் திணறிச் சாகும். மித்தி என்பது விகார், போவை ஏரிகளின் வழிநீரில் தொடங்கி ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் காடியில் கலக்கிற ஆறு. வழியில் குர்லாவிலும் சாக்கிநாக்காவிலும் கொட்டுவதெல்லாம் எங்களிடம் வந்துதான் ஒதுங்கும். கடல் ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. இன்று சுத்தமாக வழித்துப் போட்ட இடத்தில் நாளைக்கு மறுபடி பை கிடக்கும். ஆகவே இது ஒருநாள் முகாமில் முடிகிற வேலையே இல்லை. முற்றம் தெளிப்பதைப்போல நாள்தோறும் செய்யவேண்டியது.

வசூல் வளர்ந்ததும், "கணக்கை ஒழுங்கா வைக்கணும்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ஆடிட்டர் மாமா இருந்தார். தாராவியிலிருந்து வந்த பெண் என்று தெரிந்தும் உள்ளே உட்காரவைத்து, மாமியிடம் காபி கொண்டுவரச் சொன்னவர். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கத் தமிழும் இந்தப்பக்கத் தமிழும் அவ்வளவாகக் கலந்து பழகாத காலம்.

"வவுச்சர் இல்லாம ஒத்த ரூபா செலவு பண்ணாதேம்மா. டீ வாங்கினாலும் எழுது. எவன் கேட்டாலும் நோட்டுப் புஸ்தகத்தை நீட்டணும்" என்றார். பைசா வாங்காமல் வருடா வருடம் கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் இப்போது இல்லை. அவர் மகள் செம்பூர் செட்டாநகரில் அலுவலகம் வைத்திருக்கிறாள். அப்பா செய்ததை அவளும் விடவில்லை. ஆனால் அப்பாவுக்கு வருடத்தில் ஒரு ஞாயிறு போதுமாக இருந்த வேலைக்கு, மகளுக்கு மாதத்தில் பல ராத்திரிகள் போகின்றன. வருமான வரி விலக்குப் பதிவு முன்பு ஒருதரம் வாங்கினால் காலத்துக்கும் இருக்கும். 2021-இல் எல்லாரும் மறுபடி விண்ணப்பிக்கவேண்டியதாயிற்று; இப்போது குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். நன்கொடையாளர் ஒவ்வொருவரின் விவரத்தையும் தனிப் படிவத்தில் அனுப்பவேண்டும். பத்து ரூபாய் கொடுத்த பூக்கார அக்காவிடம் பான் எண் கேட்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. "அக்கா பணத்தைப் பேரில்லா நன்கொடைன்னு போட்டுக்கலாம்" என்று செட்டாநகர்க்காரி வழி சொன்னாள். அப்படி வாங்குவதற்கும் ஒரு வரம்பு உண்டு.

2005 ஜூலை 26-ஐப் பற்றிச் சொல்லாமல் எங்கள் கதை நகராது. சாந்தாகுரூஸ் மழைமானி 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் காட்டிய நாள். மித்தி ஊருக்குள் வந்தது. குடிசைக்குள் இடுப்பளவு தண்ணீர், கிட்டங்கிகளில் ஊறிய தோல், தெருவெல்லாம் செத்த எருமைகள். அதற்குப் பிறகுதான் இந்த நகரம் மித்தியை ஆறு என்று கூப்பிடத் தொடங்கியது. அதுவரை அது நாலா, அதாவது சாக்கடைக் கால்வாய். அந்த ஆகஸ்டிலேயே மித்தி ஆற்று வளர்ச்சி மற்றும் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அலையாத்திகளை வெட்டவும் அவற்றைச் சுற்றி இடிபாடு கொட்டவும் தடை விதித்தது. 2018-இல் இறுதித் தீர்ப்பிலும் அதை உறுதி செய்தது. 2012-இல் மகாராஷ்டிர வனத்துறைக்குள் அலையாத்திக்கென்றே தனிப் பிரிவு வந்தது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். நாங்களும் அந்த வேகத்தில்தான் வொர்லியில் அறநிலைய ஆணையர் அலுவலகத்துக்கு நடந்து, சங்கத்தைப் பதிவு செய்தோம். மகாராஷ்டிரத்தில் சங்கம் என்றால் 1860-ஆம் வருடச் சங்கச் சட்டமும் 1950-ஆம் வருடப் பொது அறக்கட்டளைச் சட்டமும் இரண்டுமே பொருந்தும். நிர்வாகி ஒருவர் மாறினால்கூட அங்கே தெரிவித்து ஒப்புதல் வாங்கவேண்டும்.

பிறகு 2013-இல் கம்பெனிச் சட்டம் மாறியது. 135-ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள கம்பெனிகள் கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சுற்றுச்சூழலும் உயிரினப் பாதுகாப்பும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. இன்று நாடு முழுவதும் இந்த வகையில் ஆண்டுக்கு 25,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகிறது. மாநிலங்களில் அதிகம் பெறுவது மகாராஷ்டிரம்தான். எங்கள் சங்கத்தில் எல்லாருக்கும் அன்று பெரிய சந்தோஷம். இனி வசூலுக்குப் போகவேண்டாம் என்று நினைத்தோம்.

பூங்காவின் ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரையில் பாந்த்ரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். ஒரு காலத்தில் அந்தக் கரையும் சதுப்பும் அலையாத்தியுமாகக் கிடந்ததுதான். நிரப்பித்தான் வளாகம் எழுந்தது. ஆறு அந்த இடத்தில் ஒடுங்கியது. இன்று அலையாத்திக்கு நிதி கேட்டு நாங்கள் ஏறி இறங்குகிற அலுவலகங்களில் பல அங்கேதான் இருக்கின்றன. வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணாடி வழியாக எங்கள் மரங்கள் தெரியும். அங்கே எங்களைக் கூப்பிட்டுப் பேசிய இளைஞர்கள் பலர் நல்ல மனம் கொண்டவர்கள், படித்தவர்கள், உதவவேண்டும் என்று நிஜமாகவே நினைப்பவர்கள். அவர்கள் கையைக் கட்டியிருப்பது இரண்டு தேதிகள்.

முதல் தேதி ஜூன் 5. உலகச் சுற்றுச்சூழல் நாள். கம்பெனி ஊழியர்கள் ஒரே நிறச் சட்டையில் பேருந்தில் வந்து கன்று நடுகிற நாள். பம்பாயில் பருவமழை வழக்கமாக இறங்குவது ஜூன் 11-ஐ ஒட்டி. சில வருடங்களில் இன்னும் தள்ளிப்போகும். ஜூன் 5-இல் மண் சுடும். கோடையின் கடைசி வெயிலில் நட்ட கன்று, மழை வருவதற்குள் வாடிவிடுகிறது. ஒரு மாதம் தள்ளி ஜூலையில் நட்டால் பாதிக்குமேல் பிழைக்கும் என்று எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். "ஜூலையில் ஊழியர்களைக் கூட்டிவர முடியாதே அக்கா, மழையில்" என்பார்கள்.

இரண்டாவது தேதி மார்ச் 31. நிதியாண்டு முடிகிறது. ஒப்புதல் ஆகி, ஒப்பந்தம் கையெழுத்தாகி, முதல் தவணை வந்து சேரும்போது பெரும்பாலும் தீபாவளி தாண்டிவிடும். மழை போயிருக்கும். மார்ச்சுக்குள் செலவுச் சான்று கேட்பார்கள். நடந்துகொண்டிருக்கும் திட்டத்தின் மீதிப் பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து மூன்று வருடம் வரை செலவிடச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனாலும் சிறிய தொகைக்கு அந்த வேலை எதற்கென்று பலர் அந்த ஆண்டுக்குள்ளேயே முடிக்கச் சொல்கிறார்கள். ஆக, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கன்று நடவேண்டியிருக்கிறது. அதைத் தொடர்ந்து வருவது ஏப்ரல், மே. இந்த ஊரில் வேளாண்மை தெரிந்த எந்தக் கிழவியும் செய்யாத காரியம் இது. எங்கள் சங்கத்துக்காரர்கள் திருநெல்வேலிச் சீமையில் கார் பட்டமும் பிசானப் பட்டமும் பார்த்து விதைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் மார்ச்சில் குழி தோண்டு என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. வெண்கண்டலுக்குப் பல இடங்களில் நடவே வேண்டியதில்லை. மழைக்காலத்தில் அதன் விதை தானே உதிர்ந்து, அலையில் மிதந்து, தோதான சேற்றில் தானே ஒட்டி முளைக்கும். அதற்குத் தேவை கடல்நீர் தடையில்லாமல் வந்துபோவதும், சேற்றின்மேல் பிளாஸ்டிக் கிடக்காமல் இருப்பதும்தான். பிச்சாவரத்தில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே மரம் வெட்டியதால் தரை தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பேறிக் கிடந்த இடங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990-களில் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் ஏறி இறங்க வழி செய்தன. ஊர்மக்கள் கூடவே நின்றார்கள். தூர்ந்துபோன கால்வாயைத் திரும்பத் திரும்ப அள்ளினார்கள். இந்தியா–கனடா சுற்றுச்சூழல் நிதியம் அந்தப் பணிக்குப் பல வருடங்கள் பணம் கொடுத்தது. நீருக்கு வழி செய்த பிறகுதான் அங்கே காடு திரும்பியது.

இதற்கு மறுபக்கத்தை இலங்கையில் பார்க்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு அலையாத்தி கடலைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் அங்கே கரையோரமெங்கும் கன்றுகள் நட்டார்கள். உலகமே பணம் அனுப்பியது. பத்து வருடம் கழித்து ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். 1,000 ஹெக்டேருக்கு மேல் நட்டதில் 200 முதல் 220 ஹெக்டேர்தான் தேறியிருந்தது. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்குமேல் பிழைத்தது மூன்றே இடங்களில். தவறான இடத்தில் நட்டது ஒரு காரணம். நட்டபிறகு ஆள் வைத்துப் பராமரித்த இடங்களில் கூடுதலாகப் பிழைத்திருந்தன என்பதையும் அந்த ஆய்வு சொல்கிறது. அந்தத் தாளின் சுருக்கத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, எங்கள் எல்லா விண்ணப்பங்களுடனும் இணைத்து வருகிறோம்.

தவறான இடம் என்றதும் செம்பூர்ப் பக்கத்து அனுபவம் நினைவுக்கு வருகிறது. மாஹுல், சிவ்ரி கரையில் கடல் இறங்கும்போது பரந்த சேற்றுவெளி தெரியும். குளிர்காலம் தொடங்கி மழை வரும்வரை பூநாரைகள் ஆயிரக்கணக்கில் அங்கே இரை தேடும். சற்று வடக்கே தாணே காடியில் ஒரு பகுதியை 2015-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022-இல் அது ராம்சார் ஈரநிலமும் ஆனது. ஒருமுறை ஒரு நிறுவனத்தார் பெரிய தொகையோடு வந்து, அந்த வெறும் சேற்றில் அலையாத்தி நட்டுத் தரமுடியுமா என்று கேட்டார்கள். அவர்களுக்கு அது வெறும் இடம். பறவைக்கு அது வயல். அங்கே மரம் அடர்ந்தால் பூநாரைக்கு நிற்க இடமிருக்காது. எங்கள் சங்கக் கூட்டத்தில் அன்றிரவு நெடுநேரம் பேசினோம். அந்தப் பணத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒரு வருடத்துக்கும் மேல் சம்பளம் கொடுத்திருக்கலாம். பூ விற்கிற ஒரு அக்காதான் பேச்சை முடித்தாள்: "பறவை சோத்துல மண்ணள்ளிப் போட்டு நாம சோறு திங்கவா?" வேண்டாம் என்று கடிதம் எழுதினோம்.

வெளிநாட்டு நிதியைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களைப்போன்ற சின்னச் சங்கங்களுக்கு அது நேராக வந்ததே கிடையாது. பெரிய அமைப்பு ஒன்று வெளியிலிருந்து பெற்று, அதில் ஒரு கிள்ளு எங்களுக்குத் தரும். கணக்கையும் அறிக்கையையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேலையை நாங்கள் பார்ப்போம். எங்கள் முதல் படகு அப்படி வந்ததுதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் செய்த திருத்தம், பெற்ற நிதியை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதை முழுக்கத் தடை செய்தது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50-லிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. எல்லாருடைய முதல் கணக்கும் புதுதில்லி ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் இருக்கவேண்டும். நேராகப் பதிவு வாங்க நினைத்தால், சங்கம் மூன்று வருடம் இயங்கியிருக்கவேண்டும், அந்த மூன்று வருடத்தில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் தன் பணிக்குச் செலவிட்டிருக்கவேண்டும். ஐந்தும் பத்துமாகச் சேர்த்து வேலை செய்கிறவர்கள் 15 லட்சத்தை எங்கே காட்டுவது? வெளிநாட்டுப் பணம் எங்கே போகிறது என்று அரசாங்கம் கேட்பது நியாயம்தான். அந்தக் கேள்வி பெரிய அமைப்புகளைப் பார்த்துக் கேட்கப்பட்டது; அடைபட்டது காடியோரத்துச் சங்கங்களுக்கு வந்துகொண்டிருந்த வாய்க்கால். இதை நான் கோபமாகச் சொல்லவில்லை என்றால் பொய். கோபமாகத்தான் சொல்கிறேன்.

கோபத்தோடு நிறுத்திக்கொள்ள எங்களுக்கு நேரமில்லை. போன வருடம் ஒரு அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதினோம். கேட்டது: மூன்று பேருக்குச் சம்பளம், கம்பூட்ஸ், கையுறை, நாலா வாயில் மிதக்கும் குப்பையைத் தடுக்கிற வலை, அதை அள்ள ஒரு சின்னப் படகின் பழுதுச் செலவு. நடவிருக்கும் கன்றுகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 0 என்று போட்டோம். சம்பளம் என்பதை நிர்வாகச் செலவில் சேர்க்காதே, அதுதான் திட்டமே என்று செட்டாநகர்க்காரி உறுதியாகச் சொன்னாள். வலைக்கும் படகுக்கும் விலைப்பட்டியல் மூன்று மூன்று வாங்கி இணைத்தோம்.

சில வாரங்களில் அந்த அறக்கட்டளையிலிருந்து ஒரு இளம் அதிகாரி போன் செய்தாள். மதுரைப் பக்கத்துப் பெண். "அம்மா, பூஜ்யம்னு இருக்கு. விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகலைம்மா. அது தானா முளைக்கும். நீ ஒருநாள் வந்து பாரு."

வந்தாள். அமாவாசைக்கு மறுநாள் வரச் சொன்னேன். அன்றைக்குத்தான் கடல் நன்றாக ஏறி நன்றாக இறங்கும், எவ்வளவு பிளாஸ்டிக் வருகிறது என்பதும் தெரியும். முழங்கால் சேற்றில் இறங்கி எங்கள் பெண்களோடு பை பிடுங்கினாள். ஒரு பையைத் தூக்கியபோது அதற்கடியில் இரண்டிலைக் கன்று ஒன்று வெளுத்துப்போய் மடங்கிக் கிடந்தது. வெளிச்சம் இல்லாமல் மஞ்சளாகிவிட்டிருந்தது. அதை நிமிர்த்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கரையேறியதும் ஒரு யோசனை சொன்னாள். "எங்க குழுவுக்கு எண்ணிக்கை இல்லாம எதுவும் காட்ட முடியாதும்மா. நட்டதை எண்ண வேண்டாம். முளைச்சதை எண்ணலாமே?"

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டங்களாகக் கயிறு கட்டினோம். நாங்கள் தினமும் வழிக்கிற கட்டங்கள் சில, யாரும் தொடாத கட்டங்கள் சில. மழைக்காலம் முடிந்ததும் இரண்டிலும் தானே முளைத்த கன்றுகளை எண்ணவேண்டும். எண்ணுகிற வேலையைப் பூக்கார அக்காவின் மகள் எடுத்துக்கொண்டாள். கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். உயரத்தையும் குறிக்கலாம், இலைகளையும் எண்ணலாம், நண்டு வளைகளையும் எண்ணினால் சேறு உயிரோடு இருக்கிறதா என்பது தெரியும் என்றாள். வனத்துறைப் பிரிவில் அனுமதி வாங்கித்தான் இறங்குகிறோம். கயிற்றை எங்கே கட்டினோம் என்ற வரைபடத்தையும் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம்.

அந்த அறக்கட்டளை ஒரு வருடத்துக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறது. எங்கள் பணியில் வெளியிலிருந்து ஆள் சம்பளத்துக்கென்று வந்த முதல் நிதி அது. மூன்று பெண்களுக்கு மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழுகிறது; மழையில்கூட விடுமுறை சொல்லாமல் வருகிறார்கள். அடுத்த விண்ணப்பத்தில் ஐந்து வருடம் கேட்டிருக்கிறோம். முதல் தவணை மே மாதத்திலேயே வேண்டும், கடைசிக் கணக்கை மார்ச்சில் இல்லாமல் மழை முடிந்து அக்டோபரில் தருகிறோம் என்றும் எழுதியிருக்கிறோம். நிதி நின்றபின் எப்படித் தொடரும் என்ற கேள்விக்கு, மித்தியில் பிளாஸ்டிக் வருவது நிற்கும்வரை யாராவது ஒருவர் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று பதில் எழுதினோம். அந்தப் பெண் அதைத் திருத்தாமல் அப்படியே மேலே அனுப்பியிருக்கிறாள்.